காலுறையைக் கழற்ற வேண்டாம்

இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் கழற்றுங்கள்,
காலுறை மட்டும் இருக்கட்டும் என்பேன்.
தௌகாவ்பில்ஸில் அது இரண்டாயிரத்து மூன்றின் ஜனவரி.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
ஹீட்டர் அறையின் ஒரு மூலைக்கு மட்டும் உழைத்தது.

முகங்கள் எனக்கு மனதில் நிற்பதில்லை.
கால்தாங்கியில் ஏறும் காலுறைகளை வைத்தே
ஆட்களை அடையாளம் வைத்திருக்கிறேன்.
பதினோரு வருடமாய் இந்த மூன்றாம் மாடியில்
டாக்டர் ஔஸ்மாவின் வலப்பக்கம் நின்று
அவள் கேட்குமுன் எடுத்துக் கொடுக்கிறேன்.

காலையில் முதலில், சிவப்பு நட்சத்திரம் பின்னிய கம்பளி.
காப்பர் டி எடுக்க வந்தவள்.
நூல் உள்ளே ஏறிக்கொண்டது.
டாக்டர் தேடினாள், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தேடினாள்.
“இருமுங்கள்.”
இருமல் முடியுமுன்
எட்டு வருடம் காவல் நின்ற அது
என் தட்டில் டிங் என்று விழுந்தது.
தீக்குச்சியைவிடச் சிறிது.
“இவ்வளவுதானா!” என்றாள்.
ஏமாற்றப்பட்டவளைப் போல.

அடுத்து மெல்லிய நைலான், பள்ளி ஆசிரியை.
வாசல் ஓரம் கோலிகுண்டளவு கட்டி;
ஒரு வாரமாய் நின்றே சாப்பிட்டு
நின்றே கணக்குத் திருத்தியிருக்கிறாள்.
ஊசி போட்டு, கீறி, வடித்து,
ஆறு நிமிடம்.
எழுந்தவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.
உட்கார்ந்தே இருந்தாள்.
அடுத்தவர் காத்திருக்கிறார் என்று சொல்ல
எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தவர் லியோகாதியா.
சாம்பல் நிறம், இடது பெருவிரலில் ஓட்டை.
ஓட்டைக்கு மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள்.

வினிகரில் நனைத்த பஞ்சை வைத்ததும்
அறை முழுக்க வெள்ளரி ஊறுகாய் மணம்.
“இந்த வருஷம் நாற்பது ஜாடி போட்டேன்,
நாற்பத்தொன்றாவது நான்” என்றாள் கூரையிடம்.
வெளுக்க ஒரு நிமிடம் ஆகும்.
அந்த ஒரு நிமிடம் மூவரும்
கீழே ட்ராம் திரும்பும் கிறீச்சைக் கேட்டோம்.
“எட்டு நிமிடம் லேட்” என்றாள் அவள்.

மூன்று மணி முள் இருக்கும் இடத்தில்
பால் ஏடு போல ஒரு திட்டு.
டாக்டரின் குரல் மாறவில்லை.
மாறாத அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

“இருமுங்கள்.”
கிளிக்.

“எனக்குத் தெரிந்த சத்தம்” என்றாள் லியோகாதியா.
“இருபத்தாறு வருஷம் ட்ராமில் டிக்கெட் துளைக்கிறேன்.
இன்றைக்கு என் முறை.”
முதல் கிளிக்குக்கு லாட்வியனில் சிரித்தாள்.
இரண்டாவதற்கு ரஷ்யனில் திட்டினாள்,
நான் வீட்டில்கூடப் பயன்படுத்தாத சொற்கள்.
டாக்டர் “சரிதான்” என்று தலையாட்டினாள்.

ஃபார்மலினில் மிதந்தது மிளகளவு சதை.
அவள் பெயர் நீளம், லேபிள் குட்டை;
கடைசி எழுத்துகளைக் குப்பியின் வளைவில் எழுதினேன்.

“ரெண்டு மணிக்கு ஷிப்ட். நிற்கலாமா?”
“முடிந்தால் உட்காருங்கள்.”
“கண்டக்டரா? உட்காரவா?”
பஞ்சு அட்டையைச் செருகிக்கொண்டு
பூட்ஸில் காலை நுழைத்தாள்.
ஓட்டை மறைந்தது.
முடிவு வர மூன்று வாரம்.

சாயங்காலம் மேஜைத் தாளைக் கிழித்தேன், துடைத்தேன்.
ரீகா போகும் காலை வண்டிக்காக
குப்பி அலமாரியில் காத்திருந்தது.
அந்த மேஜையில் நான் ஏறி ஆறு வருடம்.
எல்லாரிடமும் வருடாவருடம் வாருங்கள் என்கிறேன்.

ஐந்தரைக்கு இருட்டிவிட்டது.
கூட்டத்தில் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை,
முழங்கால்வரை பூட்ஸ், நீலக் கோட்டு,
கையில் துளைக்கும் கருவி.
டிக்கெட்டை நீட்டினேன்.
வாங்கினாள், துளைக்காமல் வைத்திருந்தாள்,
என் காதருகே குனிந்து,
“இருமுங்கள்” என்றாள்.

இருமினேன்.